சுகுமாரன் சார் வகுப்பில் மாட்டிய மணி

சுகுமாரன் வாயைத் திறந்தால் நிறுத்துவதற்கு ஆள் வேண்டும். இதைச் சொல்வது அவருக்கு வேண்டாதவர்கள் அல்ல, அவர் மனைவி துளசி. ஈப்போ சிலிபினில் அவர்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையில் யாராவது கார் பிரேக்கைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும். மனுஷர் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துத் தரையில் படம் போட ஆரம்பித்துவிடுவார். சக்கரம், தட்டு, எண்ணெய்க்குழாய் என்று படம் வளர்ந்துகொண்டே போகும். கேட்டவர் அடுப்பில் சோறு கிடக்கிறது என்று கெஞ்சும் வரை விடமாட்டார். இப்படிப்பட்ட ஆள் வாத்தியாரானதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வாயை மூடிக்கொண்டு கேட்கவும் அவர் கற்றுக்கொண்டார் பாருங்கள், ஆச்சரியம் அங்கேதான் இருக்கிறது.

பிறந்தது ஏழாங்கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா சன்னாசி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குடும்பம் மூட்டை முடிச்சோடு ஈப்போவுக்கு வந்தது. சன்னாசி ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் லாரிக்குச் சாமான் ஏற்றினார். மகன் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு தஞ்சோங் மாலிம் பக்கத்தில் இருக்கும் பெரிய கார் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்குக் கார்க் கதவு மாட்டுகிற வேலை.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. கார்கள் வரிசையாக நகரும் பாதைக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடும். ஏதாவது சரியில்லை என்று பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். நேற்றுச் சேர்ந்த பையன் இழுத்தாலும் வரிசை முழுக்க நிற்கும். சேர்ந்த புதிதில் சுகுமாரன் ஒரு கீல் கோணலாக உட்கார்ந்ததைப் பார்த்தும் பயத்தில் இழுக்காமல் விட்டுவிட்டார். கார் நகர்ந்து போய், கதவு சாத்த மாட்டேன் என்று அடம்பிடித்தபோது குட்டு வெளிப்பட்டது. அன்று மேற்பார்வையாளர் ரொஸ்லானிடம் வாங்கிய திட்டை அவர் இன்னும் மறக்கவில்லை. ரொஸ்லான் கயிற்றை இழுத்தவனை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. இழுக்காதவனை மட்டும் சும்மா விடமாட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு மெல்ல மெல்ல சுகுமாரன் தலையில் வந்து விழுந்தது. அதில் அவருக்கு இருந்த குஷியைப் பார்த்துவிட்டு, நீ கதவு மாட்டப் பிறந்தவன் இல்லை, போய் வாத்தியாராகிற வழியைப் பார் என்று சொன்னதும் அதே ரொஸ்லான்தான். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, சுகுமாரன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுபடி பரீட்சை எழுதி, ஈப்போவில் ஆசிரியர் பயிற்சி முடித்து, இரண்டு மூன்று ஊர்கள் சுற்றி, கடைசியில் ஏழாங்கட்டைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கே கணித ஆசிரியராக வந்து சேர்ந்தார். தோட்டத்துச் சனம் சுற்றுவட்டாரத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டது. பள்ளி மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே அங்கேயே இருக்கிறது. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பு அவர் கையில் வந்தது. சின்ன வகுப்பு, கலகலப்பான வகுப்பு. சார் பாடம் எடுத்தால் சிரிப்புச் சத்தம் கேன்டீன் வரை கேட்கும். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் அவர் திரும்பி நின்று புரிஞ்சதா என்று கேட்பார். புரிஞ்சது சார் என்று வகுப்பே ஒரே குரலில், ராகம் போட்டுப் பதில் சொல்லும். நம் பள்ளிக்கூடங்களில் இந்த ராகம் எவ்வளவு காலமாக ஓடுகிறதோ யாருக்குத் தெரியும். வாத்தியாருக்கும் திருப்தி, பிள்ளைகளுக்கும் தொல்லை விட்டது. உள்ளே யாருக்கு என்ன புரிந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சுகுமாரனுக்கும் தெரியவில்லை, ஆண்டு நடுவில் ஒரு சோதனை வைத்து விடைத்தாள்களைத் திருத்தும் வரைக்கும்.

திருத்தி முடித்தபோது அவருக்கு முகம் தொங்கிப்போனது. இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் பாதிக் கணக்கில் வழி தவறி எங்கெங்கோ போயிருந்தார்கள். எல்லாரும் புரிஞ்சது சார் பாடினவர்கள்தான். ஒரு சாயங்காலம் முழுக்க வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். துளசி பயந்தே போனாள். பிறகு திடீரென்று துள்ளி எழுந்து, கயிறு, கயிறு என்று சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார்.

அவர் நேராகப் போன இடம் ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு பூஜைச் சாமான் கடை. அங்கே கணீரென்று ஒலிக்கிற ஒரு பித்தளை மணியைப் பேரம் பேசி வாங்கினார். மறுநாள் காலையில் வெண்பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, அதில் ஒரு கயிற்றையும் கட்டிவிட்டார். பாடத்தில் எந்த இடத்தில் புரியவில்லையோ அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து மணியை அடிக்கலாம், அடித்த உடனே சார் நிறுத்திவிடுவார், அடித்தவரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது, சாரும் திட்டமாட்டார். விதி அவ்வளவுதான்.

முதல் நாள் கணக்கு நடக்கவே இல்லை, மணிதான் நடந்தது. ஆளாளுக்கு ஒரு தரம் அடித்துப் பார்க்க வேண்டுமே. போகப் போக ஆசை தணிந்து, உண்மையிலேயே புரியாதவர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். சுகுமாரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிலும் ஒரு விஷயம் அவரை ரொம்பவே பூரிக்கவைத்தது. காலையில் பாடம் இருக்கும் நாளில் மணி அடிக்கும். ஓய்வு நேரத்துக்குப் பிறகு வரும் பாடங்களில் மணியே அடிப்பதில்லை. பின்னம் என்ற பெரிய பாடம் முழுவதையும் அவர் ஓய்வுக்குப் பிறகுதான் நடத்திக்கொண்டிருந்தார். பின்னத்தைத் தன்னைப்போல் நடத்த ஈப்போவில் ஆளில்லை என்று முடிவே கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எந்த நேரத்துப் பாடமானாலும் மணி ஓயாது. அதற்கும் மனுஷர் ஒரு காரணம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் புத்தி விடுமுறைக்குக் கிளம்பிவிடுமாம். ஆசிரியர் அறையில் இதையெல்லாம் அவர் விளக்கியபோது மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தார்கள்.

ஒரே ஒரு பிள்ளை அந்த மணியைத் தொட்டதே இல்லை. கவிநயா என்று பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். விடைத்தாளில் கணக்கை ஆரம்பிப்பாள், பாதியில் அப்படியே விட்டுவிடுவாள். அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அம்மா காளியம்மா ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு, விடிந்த பிறகு கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுத்து வேனில் ஏற்றி அனுப்புகிறவர்.

பள்ளித் தலைமையாசிரியை நாகம்மை, ஈப்போவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பெண். கண்டிப்பானவர், அதிகம் பேசமாட்டார். கவிநயாவை மருத்துவரிடம் காட்டி, பட்டணத்தில் இன்னொரு பள்ளியில் இருக்கும் சிறப்பு வகுப்புக்கு அனுப்பப் பரிந்துரை செய்யலாமா என்று அவர் சுகுமாரனைக் கேட்டார். அப்படிப்பட்ட வகுப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குச் சுகுமாரன் யோசிக்கவே இல்லை. தனக்கு எங்கே புரியவில்லை என்பதுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, இத்தனை நாளில் ஒரு தரம்கூட மணி அடித்ததில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு உதவ மாட்டிய மணியை ஒரு பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டோம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

காளியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் தொழிற்சாலைச் சட்டையோடு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுகுமாரன் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அந்தப் பள்ளிக்கு இங்கிருந்து வேன் போகுமா என்று மட்டும் கேட்டார். போகாது. அப்படியானால் காலையிலும் மத்தியானத்திலும் அவரே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரவேண்டும். அப்புறம் தூங்க நேரம் ஏது, இரவு வேலைக்கு முழுக்குப் போடவேண்டியதுதான், அதோடு இரவு வேலைக்குக் கிடைக்கிற கூடுதல் சம்பளத்துக்கும். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்வதாக நாகம்மை கூறி அனுப்பினார்.

அடுத்த வாரம் புதன்கிழமை. ஓய்வு முடிந்து பாடம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பு வழக்கம்போல் சமர்த்தாக இருந்தது. வெண்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பிய சுகுமாரன், கவிநயா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மணியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். கண்ணில் ஒரு தவிப்பு. பார்த்தவர் சும்மா இருப்பாரா, மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவளிடமே போய்க் கயிற்றை நீட்டினார். அடிம்மா என்றார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சாருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏன் அடிக்கமாட்டேன் என்கிறாய் என்று குரலை உயர்த்தினார்.

கவிநயா முதன்முதலாக வாய் திறந்தாள்.

“கோழி சாப்டுட்டேன் சார்.”

சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோழி சாப்பிட்டால் என்ன என்று கேட்டார்.

“சாமி மணி சார். கவிச்சி சாப்டுட்டுத் தொடக்கூடாது.”

சுகுமாரன் கையிலிருந்த மணியைப் பார்த்தார். நந்தி உட்கார்ந்த கைப்பிடி, பித்தளை, பூஜைக் கடைச் சரக்கு. அவர் வீட்டுச் சாமி அறையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. மீன்குழம்பு சாப்பிட்ட நாளில் அவரே அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டார். மெல்லத் திரும்பி, வகுப்பைப் பார்த்து, இன்றைக்குக் கவிச்சி சாப்பிட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

எல்லாக் கையும் மேலே போனது. கேன்டீனில் ராக்காயி அக்காவின் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு அவ்வளவு பிரசித்தம், அதில் நெத்திலி இல்லாமல் நாசி லெமாக் ஏது? வகுப்பின் முதல் மாணவன் தனேஸ்வரன், தான் சார்டினும் சாப்பிட்டதாகக் கூடுதல் தகவல் வேறு கொடுத்தான். காலையில் வீட்டில் பிஸ்கட் தின்று மைலோ குடித்துவிட்டு வருகிறவர்கள் ஓய்வு நேரம் வரை மணி அடிப்பார்கள். நெத்திலி வயிற்றுக்குள் போனதும் மணியை விட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை எல்லார் வீட்டிலும் சைவம், கேன்டீனிலும் ராக்காயி அக்கா அன்றைக்குச் சைவம்தான் போடுவார். ஆகவே அன்று முழுக்க மணியடிதான்.

மூக்கு உடைந்தது என்றால் அப்படி ஒரு உடைசல். ஈப்போவில் தன்னைப்போல் பின்னம் நடத்த ஆளில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினாரே, அந்தப் பின்னம் முழுக்க நெத்திலிக்குப் பின்னால் நடந்த பாடம். சுகுமாரன் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். சரி, இத்தனை நாளும் புரியாததையெல்லாம் இப்போது சொல்லுங்கள், மணி வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றார். அணை உடைந்ததுபோல் கொட்டினார்கள். பாதிப் பேருக்குப் பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது என்ன, கீழே இருப்பது என்ன என்பதே குழப்பம்.

பள்ளி மணி அடித்து வகுப்பு கலைந்த பிறகு கவிநயாவை மட்டும் நிறுத்தினார். வெள்ளிக்கிழமையாவது நீ அடித்திருக்கலாமே, அன்றைக்கு எல்லாரும் சைவமாச்சே என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அம்மா வேலை முடிந்து வரும்போது தொழிற்சாலை வாசல் கடையில் பொரித்த கோழியும் சோறும் பொட்டலம் கட்டி வாங்கி வருவாராம். அந்த நேரத்தில் அந்தக் கடை ஒன்றுதான் திறந்திருக்கும். வெள்ளி செவ்வாய் பார்த்தால் காலையில் பட்டினிதான்.

“வெள்ளிக்கெழமையும் சாப்டுவேன் சார். யாருக்கும் தெரியாது.”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மனுஷரின் சிரிப்பு அங்கேயே நின்றது. எல்லாரும் மணி அடிக்கிற நாளில் இந்தப் பிள்ளை மட்டும் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் அவளுடைய அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். தன்மேல் அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஓட்டமும் நடையுமாக நாகம்மையின் அறைக்குப் போனார். மூச்சு வாங்க, கோழி, நெத்திலி, வெள்ளிக்கிழமை என்று தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் கொட்டி, பரிந்துரையை அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாகம்மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வாரம் நீங்கள் ஒன்று சொன்னீர்கள், இந்த வாரம் ஒன்று சொல்கிறீர்கள், மணி அடிக்காததற்குக் காரணம் தெரிந்துவிட்டது சரி, கணக்கு ஏன் பாதியில் நிற்கிறது என்பது தெரிந்ததா என்று கேட்டார்.  திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்கார்ந்து நானே பார்க்கிறேன், அன்றைக்கே அம்மாவையும் வரச்சொல்லி முடிவைச் சொல்லிவிடுவோம் என்று நாகம்மை பேச்சை முடித்தார்.

வீட்டில் துளசிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி மணியைக் கொண்டுபோய் வகுப்பில் மாட்டிய முதல் மனிதர் நீங்கள்தான் என்றாள். அதே சூட்டோடு அவர் தெருமுனைக்குப் போய், மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் அர்ச்சுனன் அண்ணனைப் பிடித்தார். ரப்பர் பந்தை அமுக்கினால் பாம் பாம் என்று கத்துமே, அந்த ரொட்டிக்கார ஹாரன் ஒன்று அவரிடம் பழசாகக் கிடந்தது. எந்தச் சாமிக்கும் அதோடு சம்பந்தம் இல்லை. மறுநாள் மணி ஆசிரியர் அறைப் பேழைக்குள் மரியாதையோடு போய்ச் சேர்ந்தது. வெண்பலகைக்குப் பக்கத்தில் ஹாரன் ஏறியது. கோழி, ஆடு, மீன், நெத்திலி எது சாப்பிட்டிருந்தாலும் அமுக்கலாம் என்று சார் விதியைத் திருத்தி அறிவித்தபோது வகுப்பு மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை அன்றே வந்து, இது பள்ளிக்கூடமா பஸ் ஸ்டாண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கவிநயா வியாழனும் வெள்ளியும் ஹாரனைத் தொடவில்லை. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். 

திங்கட்கிழமை வந்தது. நாகம்மை பின் வரிசையில் ஒரு சின்ன நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தார். காளியம்மா வெளியே கேன்டீன் பெஞ்சில் காத்திருந்தார். சுகுமாரன் வெண்பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று எழுதினார். மனதுக்குள் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இன்றைக்கு ஒரு நாள் கவிநயா எழுந்து சரியான விடையைச் சொல்லிவிட வேண்டும்.

கீழே இருக்கும் எண்கள் இரண்டும் வேறுவேறாக இருக்கின்றன, அவற்றை ஒன்றாக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பாம் என்று சத்தம். திரும்பினால் கவிநயா, ஹாரனுக்குப் பக்கத்தில், கையை எடுக்காமல் நின்றாள். ஏன் ஒன்றாக்கணும் என்று கேட்டாள். சார் விளக்கினார், அவள் போய் உட்கார்ந்தாள். ஆறு எங்கிருந்து வந்தது என்று அடுத்த பாம். அதற்கும் விளக்கினார். கீழே இரண்டை மூன்றால் பெருக்கி ஆறாக்கினார், மேலே ஒன்றையும் மூன்றால் பெருக்கினார். பாம். கீழே பெருக்கினால் மேலேயும் ஏன் பெருக்கணும்?

கீழே என்ன செய்கிறோமோ அதை மேலேயும் செய்யணும், அதுதான் விதி என்றார். அவள் உட்காரப் போனாள், பாதி வழியில் நின்றாள், திரும்பி வந்து மறுபடி அமுக்கினாள். சார் அதே விஷயத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார். மறுபடி பாம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின் வரிசைப் பக்கம் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு பாமும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்வதாக அவர் காதில் விழுந்தது. இன்னொரு தரம் விளக்க வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த விளக்கம் தீர்ந்துபோயிருந்தது.

வாயை மூடினார். வெண்பலகைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கவிநயாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியலம்மா. உனக்கு என்ன தோணுது, நீ சொல்லு. நான் கேக்குறேன்.”

 கவிநயா ஹாரனிலிருந்து கையை எடுத்தாள்.

“ரெண்டா வெட்டுனதுல ஒரு துண்டு வச்சிருக்கேன் சார். பாதி ரொட்டி. கீழ ஆறாக்கினா துண்டெல்லாம் சின்னதாயிடுதுலா. மேல ஒன்னு மட்டும் வச்சா, எனக்குச் சின்னத் துண்டு ஒன்னுதான் வருது. மிச்ச ரொட்டி எங்க சார் போச்சு?”

 சுகுமாரன் எழுந்தார். எழுந்தவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வகுப்பை விட்டு ஓடினார். கேன்டீனில் காளியம்மா பதறி எழுந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ராக்காயி அக்கா கல்லிலிருந்து எடுத்த ரொட்டி சானாயைச் சுடச்சுடத் தட்டோடு பறித்துக்கொண்டு, காசு அப்புறம் அக்கா என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினார்.

மேசையில் தட்டை வைத்தார். கத்தியைக் கவிநயாவிடம் கொடுத்தார். வகுப்பு முழுக்க மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. அவள் ரொட்டியை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பாதியையும் மும்மூன்றாக வெட்டி, தன் பக்கத்துத் துண்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கயும் போகல சார். மூணாயிருச்சு. அதான் மேலயும் மூணு.”

அதற்குப் பிறகு அவளை யாரும் பிடிக்க முடியவில்லை. இன்னொரு ரொட்டி இருந்தால் மூன்றில் ஒன்று என்பது இதே துண்டில் இரண்டு, ஆக மொத்தம் ஐந்து துண்டு, ஆறில் ஐந்து என்று தானாகவே மளமளவென்று சொல்லிக்கொண்டு போனாள். வகுப்பு ஆவென்று பார்த்தது. அப்போது யாரும் எதிர்பாராமல் பாம் என்று ஒரு சத்தம். ஹாரனை அமுக்கிக்கொண்டு நின்றவன் தனேஸ்வரன், எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறவன். காது சிவந்திருந்தது. தனக்கும் ஏன் பெருக்குகிறோம் என்று தெரியாது, இவ்வளவு நாளும் சார் சொன்னதால் பெருக்கிக்கொண்டிருந்தேன், கவிநயாவை இன்னொரு தடவை வெட்டச் சொல்லுங்கள் என்றான். துண்டுகளைச் சேர்த்து வைத்து அவள் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லிக்காட்டினாள். சுகுமாரனுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாகம்மை எழுந்து வந்தார். வெண்பலகையில் அரையும் ஐந்தில் ஒன்றும் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கவிநயாவிடம் நீட்டினார். அவள் ரொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணக்கை ஆரம்பித்தாள், வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தாள், ஒரு மூச்சு விட்டாள், மேலேயும் பெருக்கினாள், கடைசி வரை போய்ப் பத்தில் ஏழு என்று முடித்தாள். நாகம்மை அவள் தலையைத் தொட்டுவிட்டு, சாரை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“இந்தப் பிள்ள ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலதான் நின்னுருக்கா, சார். தன்னோட கேள்விக்குப் பதில் கிடைக்காம நின்னுருக்கா. எங்கேயும் அனுப்ப வேணாம். அம்மாகிட்ட மோசமான சேதி சொன்னது நீங்கதானே, இதையும் நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அவரே வகுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி உள்ளே போனார். சுகுமாரன் கேன்டீனுக்கு நடந்தார். எப்படி ஆரம்பிப்பது, ரொட்டியிலிருந்து சொல்வதா, ஹாரனிலிருந்து சொல்வதா என்று வாய்க்குள் வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன. காளியம்மா பெஞ்சை விட்டு எழுந்து நின்றார். கண் சிவந்திருந்தது, தூக்கம் இல்லாத கண். ஹாரன் எதற்கு என்று மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள் போலும்.

“கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் சார். அத்தனையும் அவ அடிச்சதுதானே?”

கடைசி ஒன்றைத் தவிர, ஆமாம் என்றார் சுகுமாரன். காளியம்மா தலையை ஆட்டிக்கொண்டார். கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“சரி சார். அந்த ஸ்கூல் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. சூப்பர்வைசர்கிட்ட நேத்தே பேசிட்டேன். பகல் ஷிப்டுக்கு மாத்தி, பிள்ளையக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர நேரமும் தர்றேன்னு சொல்லிட்டாரு. சம்பளம் கொறையும், பரவால்ல. பிள்ளைக்கு எது நல்லதோ அத செய்வோம்.”

பேச்சுக்குப் பெயர்போன மனுஷருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வரவேண்டிய நேரத்தில் பார்த்து அது காலை வாரியது. இரண்டு கையையும் கூப்பினார். கூப்பியது எதற்கு என்று காளியம்மாவுக்குப் புரியவில்லை, பயந்துபோய் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“அக்கா,” என்றார் சுகுமாரன். “அவ எங்கயும் போகல. இங்கதான் இருக்கப் போறா. அவளுக்கு ஒன்னும் தெரியலன்னு உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, அது தப்பு. எனக்குத்தான் தெரியல.”

“அப்ப அந்தச் சத்தம்?”

“அவ கேள்வி கேட்டா அக்கா. நான் வாத்தியாரான நாள்லேருந்து யாரும் என்கிட்ட கேக்காத கேள்வி. எனக்கே பதில் தெரியாத கேள்வி.”

காளியம்மா அவரையே பார்த்தார். பிறகு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, தொழிற்சாலைச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ராக்காயி அக்கா கேட்காமலே ஒரு தேத்தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர்போல் உள்ளே போனார். சுகுமாரனும் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். ஆறுதலாக எதையாவது சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

அப்போது ஐந்தாம் ஆண்டு வகுப்பிலிருந்து பாம் என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு நொடி விட்டு இன்னொன்று. அது அவளா, வேறு யாராவதா, சுகுமாரனுக்குச் சொல்லத் தெரியவில்லை. காளியம்மாவுக்குத் தெரிந்திருக்கும் போலும். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அழுகை முடியாத முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

“என் மவதான் சார். போங்க, பெரிய டீச்சர் தனியா மாட்டிக்கிட்டாங்க.”